மலைச்சாலையில் இறங்கும் பழைய ஜீப்: டயரும் பிரேக்கும் தேர்ந்தெடுக்கும் முறை

தேனி மாவட்டத்திலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழையும் முதன்மைச் சாலைகள் மூன்று. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறுவது ஒன்று. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுவது மற்றொன்று. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறுவது மூன்றாவது. இம்மூன்றிலும் விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்று, மாலையில் அவர்களைப் பள்ளத்தாக்கு ஊர்களில் இறக்கிவிடும் வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்துவருபவை பெரும்பாலும் ஜீப்புகளே. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் போருக்காக வடிவமைத்த அந்த வண்டியை 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியது. பின்னர் அது பெட்ரோல் எஞ்சினிலிருந்து பெஜோ வழி வந்த டீசல் எஞ்சினுக்கு மாறி, எம்.எம். 540, கமாண்டர், மேஜர் எனப் பல பெயர்களில் வெளிவந்தது. எஞ்சினும் பெயரும் மாறிய அளவுக்கு அதன் பிரேக் மாறவில்லை என்பதும், சமதரையில் மெதுவாக ஓடுவதற்குப் போதுமான அந்தப் பிரேக்கைக் கொண்டே நீண்ட மலையிறக்கங்களைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதுமே இவ்வத்தியாயத்துக்கான காரணம்.

டயர் வாங்கக் கடைக்குச் செல்பவரும், பிரேக் வேலைக்குப் பட்டறைக்குச் செல்பவரும் இவ்விரண்டையும் தனித்தனிச் செலவாகவே கருதுகின்றனர். ஆனால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது பிரேக் என்றால், சாலையைப் பிடித்து நிறுத்துவது டயர் என்பதாலும், டயரின் உயரம் கூடினால் அதே பிரேக்கின் வலு குறைந்துவிடும் என்பதாலும், பழைய வண்டிக்கு இரண்டையும் ஒருசேரத் திட்டமிடுவதே முறை.

இறக்கத்தின் கணக்கு

போடிமெட்டுச் சாலையை எடுத்துக்கொண்டால், முந்தலிலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறக்குறைய 1000 மீட்டர் உயர்கிறது. ஆட்களும் மூட்டைகளும் வண்டியும் சேர்ந்து 2000 கிலோ எடை என்று கொண்டால், அந்த எடை மெட்டிலிருந்து அடிவாரம் வந்து சேரும்போது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல் ஆகும். 1000 வாட் மின்னடுப்பு ஒன்று ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் வரும் வெப்பம் இது. இவ்வளவும் பிரேக்குக்கே போவதாகவும், டிரம் ஒன்று 10 கிலோ வார்ப்பிரும்பு என்றும், காற்றினால் சற்றும் ஆறவில்லை என்றும் வைத்துக் கணக்கிட்டால், நான்கு டிரம்களின் வெப்பமும் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நேராததற்குக் காரணம், டிரம்கள் வழியெங்கும் ஆறிக்கொண்டே வருவதும், அந்த ஆற்றலின் பெரும்பகுதியை எஞ்சின் விழுங்கிக்கொள்வதும்தான்.

அதே இறக்கத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தால், சராசரியாக உறிஞ்ச வேண்டிய திறன் ஏழு குதிரைத் திறனுக்குச் சற்றுக் கூடுதல் மட்டுமே. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டு, கியரில் சுழலும் இரண்டு லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று, தன் உள் உராய்வாலும் காற்றை இழுத்துத் தள்ளும் வேலையாலும் இந்த அளவைத் தாங்கிக்கொள்ளக்கூடியது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் சொல்வதன் கணக்கு இதுவே. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் வண்டியை உருட்டிவிடுபவர், எஞ்சின் இலவசமாகச் செய்யும் வேலை முழுவதையும் ஒரு சாண் நீள லைனிங்குகளின் தலையில் சுமத்துகிறார். அவ்வாறு ஓட்டப்படும் வண்டிக்கு எவ்வளவு உயர்ந்த பிரேக் வாங்கிப் பொருத்தினாலும் பயனில்லை. குமுளிச் சாலை தொலைவில் குறைந்ததென்றாலும் ஏற்றம் செங்குத்தானது என்பதால், டிரம் ஆறுவதற்குக் கிடைக்கும் நேரமும் அங்கே குறைவு.

மூணாறிலிருந்து போடிமெட்டு வரையிலான 42 கி.மீ. சாலை அண்மையில் அகலப்படுத்தப்பட்டதில் புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அகலமான சாலையில் மூன்றாம், நான்காம் கியரில் வந்து பழகிய கையும் காலும் மெட்டைத் தாண்டியதும் உடனே மாறுவதில்லை. முதல் சில வளைவுகளிலேயே பிரேக் சூடேறிவிட்டால், கீழேயுள்ள வளைவுகளுக்கு மிச்சமிருப்பது குறைவே. வேகத்தைக் குறைத்து கியரை மாற்றுவதை மெட்டிலேயே செய்துகொள்ள வேண்டும்.

டயரின் அளவு

பழைய ஜீப்புகளோடு வந்த டயரின் பக்கச்சுவரில் 6.00-16 என்று பொறிக்கப்பட்டிருக்கும். டயரின் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பது இதன் பொருள். இடையில் கோடு மட்டும் இருந்தால் அது குறுக்கிழை டயர், அதாவது உள்ளிருக்கும் நைலான் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும்படி அடுக்கப்பட்டது. கடைகளில் இதை நைலான் டயர் என்றே கேட்கிறார்கள். கோட்டுக்குப் பதில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல். இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்ல, மேற்புறத்தில் எஃகுக் கம்பிப் பட்டை சுற்றிவருவது. 215/75 ஆர் 15 என்று எழுதப்பட்டிருந்தால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, ரிம் 15 அங்குலம் எனக் கொள்ள வேண்டும். அந்த டயரின் முழு உயரம் ஏறத்தாழ 704 மி.மீ. வரும். 235/75 ஆர் 15 டயர் ஏறத்தாழ 734 மி.மீ. உயரமானது; பழைய 6.00-16 டயரின் உயரமும் இதை ஒட்டியதே.

ஜீப், பொலேரோ, ஜிப்ஸி மூன்றிலும் சக்கரத்தை இறுக்கும் ஐந்து நட்டுகளின் வட்டம் ஒரே அளவு, அதாவது ஐந்தரை அங்குலம். ஒன்றின் ரிம் மற்றொன்றில் எளிதாக ஏறிவிடுவதால், டயரை மாற்றும் ஆசையும் எளிதாக வந்துவிடுகிறது. ஆயினும் நட்டு பொருந்துவது மட்டும் போதாது. ரிம்மின் மையம் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதையும், முழுத் திருப்பத்தில் டயர் வில்பட்டையிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கடைசி வரை ஒடிக்கப்படும் என்பதால், பட்டறை வாசலில் உரசாதது மலையில் உரசக்கூடும்.

சந்தையில் மிகுதியாக விரும்பப்படும் 31 அங்குலப் பெரிய டயர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 704 மி.மீ. டயருக்குப் பதில் 787 மி.மீ. உயரமுள்ள இந்த டயரைப் பொருத்தினால் சக்கரத்தின் ஆரம் 12 விழுக்காடு கூடுகிறது. டிரம்மும் லைனிங்கும் அதே அளவில் இருக்க, சாலையை எதிர்த்து நிற்கும் விசை மட்டும் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்துவிடுகிறது. எஞ்சின் தரும் தடையும் அதே விகிதத்தில் குறைவதால், முன்பு இரண்டாம் கியரில் அடங்கி இறங்கிய வண்டி இப்போது முன்னே தள்ளத் தொடங்கும். வேகமானியும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்தே காட்டும். நின்ற இடத்தில் வண்டிக்குக் கம்பீரம் தருவதைத் தவிர, மலைச்சாலையில் இந்த டயரால் வேறு நன்மை இல்லை. மேலும், பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருப்பதால், அளவை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டயரின் வகையும் வயதும்

ஏலக்காட்டுக்குள் செல்லும் பாதை செம்மண்ணும் பாறையுமாக இருப்பதைக் காரணம் காட்டி, பெரிய பட்டன்கள் கொண்ட சேற்று டயரை வாங்குவோர் பலர். அந்த வண்டி நாள்தோறும் ஓடும் தூரத்தைப் பிரித்துப் பார்த்தால், மண்பாதை சில கிலோமீட்டரும் தார்ச்சாலை பல மடங்கும் இருக்கும். பட்டன்களுக்கு இடையே இடைவெளி மிகுதியாக இருந்தால் தாரைத் தொடும் ரப்பர் குறையும்; ஈரமான தார் வளைவில், அதிலும் மூடுபனி இறங்கிய மாலையில், பிடிப்பு குறைவதற்கு அதுவே போதும். ஆகவே மண்ணுக்கும் தாருக்கும் இடைப்பட்ட அனைத்துப் பரப்பு டயரே பெரும்பாலான ஜீப்புகளுக்கு ஏற்றது. நாள் முழுவதும் எஸ்டேட்டுக்குள்ளேயே ஓடி, தார்ச்சாலைக்கு அரிதாகவே வரும் வண்டிக்குச் சேற்று டயர் பொருந்தும்.

நைலான் டயரா, ரேடியலா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கூர்ங்கல் பாதையில் தடித்த பக்கச்சுவர் கொண்ட நைலான் டயர் எளிதில் கிழிவதில்லை, எந்தச் சிற்றூரிலும் பஞ்சர் ஒட்டவும் முடியும். ஈரத்தாரில் பிடிப்பு, சூடேறாத தன்மை, நேராக ஓடும் நிதானம் ஆகியவற்றில் ரேடியல் மேலானது. இரண்டையும் கலந்து போடுவதுதான் தவறு. குறிப்பாக, முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் இருக்கும் வண்டி, ஈரமான வளைவில் பின்புறம் வழுகிச் சுழன்றுவிடும் இயல்புடையது. நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப்பில் நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்கிறது. முன், பின் டயர்களின் சுற்றளவு மாறுபட்டால், அவ்வியக்கத்தைப் போட்டவுடன் கியர்ப்பெட்டிகளும் அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கத் தொடங்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பட்டன் தேயாமலேயே ரப்பர் இறுகிவிடும் என்பதால், ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை ஆண்டுதோறும் கழற்றிச் சோதிப்பதும், பத்து ஆண்டுகளைக் கடந்ததை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஒதுக்குவதும் வழக்கம். வெயிலில் நின்றே காலம் கழிக்கும் ஸ்டெப்னிக்கு இது இன்னும் பொருந்தும். பட்டனின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி; மழைக்கால மலைச்சாலைக்கு அந்த எல்லை போதாது, 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுவது தகும். ரீட்ரெட் செய்த டயரை முன்சக்கரத்தில் போடக் கூடாது. பின்சக்கரத்தில் போடுவதாயினும், அடி டயர் இளையதாகவும் பக்கச்சுவரில் வெடிப்போ வீக்கமோ இல்லாததாகவும் இருக்க வேண்டும்.

காற்றழுத்தத்தைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது, ஏற்றும் எடைக்குத் தக்கவாறு அடிவாரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மட்டுமே அளவி ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், ஓட்டத்தின் சூட்டால் மேலும் சில பி.எஸ்.ஐ. ஏறும். மேலே அளந்துவிட்டுக் காற்றை இறக்குபவர், குறைந்த காற்றோடு மலையிறங்கி, டயரின் ஓரங்களைத் தின்றுவிட்டு வீடு சேர்வார்.

டிரம், லைனிங், பிரேக் ஆயில்

பழைய ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். மிதியை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ள, சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர் இரண்டு பிரேக் ஷூக்களை விரித்து, அவற்றின் மேலுள்ள லைனிங்கைச் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. இரண்டில் முன்னோக்கிய ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளிழுத்து மேலும் அழுத்துவதால், குறைந்த மிதியிலேயே நல்ல பிடிப்பு கிடைக்கிறது. இந்த நன்மைக்கு மறுபக்கமும் உண்டு. சூட்டால் லைனிங்கின் உராய்வு சற்றுக் குறைந்தாலே அந்த உள்ளிழுப்பும் சேர்ந்து குறைவதால், பிரேக்கின் வலு எதிர்பார்த்ததைவிட விரைவாகச் சரிகிறது. பல ஜீப்புகளில் நீளமான லைனிங் ஒட்டிய ஷூவை முன்பக்கமாகப் பொருத்த வேண்டும். மாற்றிப் பொருத்திவிட்ட வண்டி ஒருபக்கமாக இழுப்பதுண்டு.

பிரேக் தளர்வதற்கு மூன்று காரணங்கள் இருப்பதால், அவற்றைக் காலால் பிரித்தறியப் பழக வேண்டும். மிதி கெட்டியாக, வழக்கமான உயரத்திலேயே இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், லைனிங் சூடேறி உராய்வை இழந்திருக்கிறது. மிதி வழக்கத்தைவிடக் கீழே சென்று பிடித்தால், டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகியிருக்கிறது. மிதி பஞ்சு போல் அமிழ்ந்தால், எண்ணெய் கொதித்துக் குழாய்க்குள் ஆவி புகுந்திருக்கிறது. முதல் இரண்டும் வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மீளக்கூடியவை. மூன்றாவது நேர்ந்த வண்டியை, எண்ணெயை மாற்றி ஏர் எடுத்த பிறகே மீண்டும் மலையில் நம்பலாம்.

லைனிங்கின் விளிம்பில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வின் அளவைக் குறிக்கின்றன. முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது எழுத்து மிகுந்த சூட்டிலும் உள்ள உராய்வு எண்ணைச் சொல்கிறது. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. மலையிறக்கத்துக்கு இரண்டாவது எழுத்தே முதன்மையானது என்பதால், எஃப், எஃப் என்று இரண்டும் ஒன்றாக இருக்கும் லைனிங் பாதுகாப்பானது. ஜி-யில் தொடங்கி சூட்டில் இ-க்கு இறங்குவதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும். எழுத்தே இல்லாத லைனிங்கைப் பற்றிப் பேசத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ரானே, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்ற நிறுவனங்கள் அரை நூற்றாண்டாக இப்பொருளைச் செய்துவருவதால், தரமானதைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதுமில்லை. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தேய்ந்து கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கடைவது வழக்கமானதே. ஆனால் ஒவ்வொரு முறை கடையும்போதும் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைந்து, டிரம் இன்னும் விரைவாகச் சூடேறுகிறது. அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டத்தைக் கடந்ததை மீண்டும் கடையாமல் புதிது வாங்க வேண்டும். கொதிக்கும் டிரம்மில் ஊற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றுவோரும் உண்டு. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். நிழலில் நிறுத்தி, காற்றில் ஆறவிடுவதே சரி.

பிரேக் ஆயிலுக்கு ஆகும் செலவு மற்றெல்லாவற்றையும்விடக் குறைவு, அதன் பயனோ மிகுதி. வழக்கமான பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு இவ்வளவுகள் முறையே 230, 155. ஆகவே டாட் 4 ஊற்றி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது, மலை வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். சிலிக்கோன் சார்ந்த டாட் 5 வகையை இவற்றோடு கலக்கக் கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினாலோ, சிலிண்டர்களின் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போய் மொத்த அமைப்பையும் பிரித்தாக வேண்டி வரும்.

செலவின் வரிசை

மிகப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை இருப்பதால், எங்கேனும் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒருசேரப் போய்விடும். இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, முன், பின் சக்கரங்களுக்குப் பாதையைப் பிரித்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். கையில் உள்ள பணம் வரையறுக்கப்பட்டதாக இருந்தால், அதைப் புதிய ஹோஸ்களிலும் எண்ணெயிலும் முதலிலும், இரட்டை மாஸ்டர் சிலிண்டரில் அடுத்தும், லைனிங்கிலும் டிரம்மிலும் அதன் பிறகும் செலவிட வேண்டும்.

பலர் முதலில் கேட்கும் டிஸ்க் பிரேக் கடைசியில்தான் வருகிறது. பொலேரோவின் முன் டிஸ்க்கைப் பழைய ஜீப்பில் பொருத்துவது பட்டறைகளில் நடைமுறையில் உள்ளது; டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறும், சூட்டில் விரிந்து பேடை விட்டு விலகுவதும் இல்லை. ஆனால் டிஸ்க்குக்கு உள்ளிழுப்பு உதவி கிடையாது என்பதால் மிதிக்கும் விசை கூடுதலாக வேண்டும். அதற்கு வேக்குவம் பூஸ்டரும், டீசல் எஞ்சினில் அந்த வேக்குவத்தைத் தரும் பம்பும் தேவை. எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினால் சில மிதிகளுக்குப் பின் அந்தப் பூஸ்டர் செயலற்றுவிடும். டிரம்முக்காக மாஸ்டர் சிலிண்டரில் வைக்கப்பட்ட அழுத்தம் தேக்கும் வால்வு நீக்கப்படாவிட்டால், டிஸ்க்கின் பேடுகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இவை அனைத்தையும் சேர்த்துச் செய்ய இயலாதவர், நல்ல நிலையிலுள்ள டிரம்மோடு நிற்பதே மேல்.

இறங்கிய பின்னும் நிற்கும்போதும்

முந்தலிலோ லோயர் கேம்ப்பிலோ வண்டியை ஓரங்கட்டியதும், நான்கு சக்கரங்களின் அருகேயும் புறங்கையைத் தொடாமல் காட்டிப் பார்ப்பது எளிய சோதனை. முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவிலும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவிலும் சுட வேண்டும். இடப்புறம் சுட்டு வலப்புறம் குளிர்ந்திருந்தால், குளிர்ந்த பக்கத்தின் வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம் அல்லது லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம்; ஒன்று மட்டும் தனியே கொதித்தால், அதன் ஷூ திரும்பாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. டயரின் பக்கச்சுவரையும் அதே நேரத்தில் தொட்டுப் பார்த்தால், காற்று குறைந்த டயர் மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது தெரிந்துவிடும்.

பல பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள சிறிய டிரம் ஒன்றின் வழியாகப் பின் அச்சுக்குச் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. சரிவில் பஞ்சராகி, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கியவுடன், தண்டு பிடிபட்டிருந்தும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள சக்கரம் உருளத் தொடங்கும். கியரில் போட்டு வைத்திருந்தாலும் இதே கதைதான். எனவே ஜாக்கியைத் தொடுவதற்கு முன் ஆட்களை இறக்கிவிட்டு, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு முன் அச்சையும் பிணைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குச் சரிவின் பக்கமாகப் பெரிய கற்களை அண்டக் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஆப்பு வடிவில் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளை ஸ்டெப்னியோடு வண்டியிலேயே வைத்திருப்பது வசதி. மழை நாளில் சாலையோரத்தில் கிடைக்கும் கல் உருண்டையாகவும் வழுக்கலாகவுமே இருக்கும்.